காகிதத்துக்குச் செய்த சன்னம்

வேட்டைத் துவக்குக்குச் சன்னம் வாங்க வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பின்னால் களஞ்சிய அறையின் கதவு இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஆண் வெளியே வருவான் என்று கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று விளங்கிய பிறகுதான் எனக்கு "போன்ஜூர்" சொல்வார்கள்.

மொன்றியலிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் லொங்குய்யில் வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் விற்கும் பெரிய கடை அது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் பௌதிகத்தில் பட்டம் எடுத்து முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவளே நான்தான். அம்மா ஒரு நாள்கூடப் போனதில்லை, அப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பார். பட்டமளிப்புப் படத்தை அம்மா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அந்தப் படத்துக்கு வெளியே என் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. ஆய்வுகூடங்களுக்கு விண்ணப்பித்தேன். என் பிரெஞ்சு நல்லது என்று சிரித்தபடி சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் இந்தக் கடையில் காசாளராகச் சேர்ந்தேன்.

தோட்டாப் பகுதியில் கம்பனிகள் அனுப்பும் அட்டவணைகள் குவிந்து கிடக்கும். எந்தச் சன்னம் எந்த வேகத்தில் புறப்படும், முந்நூறு மீற்றரில் எவ்வளவு விழும், காற்று எவ்வளவு தள்ளும் என்று முழுக்க எண்கள். மற்ற விற்பனையாளர்கள் அவற்றைக் கோப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தார்கள். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். எனக்கு அது படித்த படிப்பு. அதோடு முதன்முறையாக அந்தப் படிப்பால் யாருக்காவது ஒரு பதில் சொல்ல முடிந்தது. துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி அட்டை எடுத்தேன். முதலாளி ஆச்சரியப்பட்டார். தோட்டாப் பகுதியைப் பார்த்துவந்தவர் ஓய்வுபெற்றதும் என்னை அங்கே நிறுத்தினார்.

"குளிர்காலம் முடியும்வரைக்கும் நில்," என்றார். "ஆட்கள் உன்னை ஏற்றுக்கொண்டால் இந்தப் பகுதி உன்னுடையது."

அந்தப் பகுதி எனக்கு வேண்டியிருந்தது. எதற்குத் துவக்குக் கடையில் போய் ஆசை வைத்தாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். நான் படித்தது பயன்பட்ட ஒரே இடம் அதுதான் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கவில்லை.

அம்மா கோயிலில் கேட்பவர்களிடம் நான் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை செய்வதாகச் சொன்னாள். சன்னம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் விலைக்கு வாங்கும் பொருளாக யாரும் சொன்னதில்லை. அம்மாவின் வலது கையில், முழங்கைக்கு மேலே, ஊரில் சண்டை நடந்த காலத்தில் அப்படி ஒன்று நுழைந்து மற்றப் பக்கம் வெளியே போன தழும்பு இருக்கிறது. "நல்ல சன்னம், கூடாத சன்னம் எண்டு சனத்துக்குச் சொல்லுறியாமே," என்று ஒருநாள் கேட்டாள். "அதில நல்லது எண்டு ஒண்டு இருக்கோ?" நான் பதில் வைத்திருந்தேன். அவள் நின்று கேட்கவில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களுக்கு முன்பே கனடாவுக்கு வந்து, பிறகு எங்களையும் பொறுப்பேற்றுக் கூப்பிட்டவர். மொன்றியல்-நோரில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார். பிளாஸ்டிக் வாளிகள் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவரை வேலைவாங்கும் போர்மன் ஒவ்வொரு குளிர்காலமும் வேலையாட்களில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, ஜேம்ஸ் குடாப் பாதையில் வடக்கே கரிபு மான் வேட்டைக்குப் போவார். இரண்டு வருஷமாகச் சித்தப்பாவையும் கூட்டிப்போனார்கள். முகாமில் அவர் வைக்கும் இறைச்சிக் கறிக்கு அவர்கள் சண்டை பிடிப்பார்களாம். சமைக்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. அந்த வருஷம் குலுக்கலில் அவருடைய பெயருக்கும் கரிபு வேட்டை அனுமதி விழுந்திருந்தது. பழைய துவக்கு ஒன்றும் வாங்கியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினிக்கு இறங்கி வந்தார்.

"பிள்ளை, உன்ர படிப்புக்கு வேலை வந்திருக்கு. எனக்கொரு நல்ல சன்னமாப் பாத்துச் சொல்லு. தூரத்துக்குப் போறது."

"எவ்வளவு தூரம் சித்தப்பா?"

"போர்மன் சொல்லுறான் முந்நூறு மீற்றர், சிலவேளை அதுக்கும் மேல எண்டு. உறைஞ்ச ஏரிக்கு நடுவில நிக்குமாம். கிட்டப் போகேலாது."

"தூரத்துக்கு எல்லாச் சன்னமும் போகும். அங்க போய் என்ன செய்யும் எண்டுதான் பாக்கோணும்."

"என்னடி செய்யும்? பட்டாச் சாகும்."

"அப்பிடியெண்டா உங்கட அண்ணி இப்ப உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கமாட்டா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா சிரிப்பை நிறுத்தினார்.

நான் விளக்கினேன். அம்மாவின் கையால் போனது பட்டாளத்துச் சன்னம். முழுவதும் செப்பு உறை போட்டது, விரியாது, ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் கை மிஞ்சியது. வேட்டைச் சன்னம் அதற்கு எதிர்மாறு. உடம்புக்குள் போனதும் மூக்கு விரிய வேண்டும். விரிந்தால்தான் மிருகம் நின்ற இடத்தில் விழும், வதைபடாது. ஆனால் விரிய வேகம் வேண்டும். தூரம் போகப் போக வேகம் குறையும். அதோடு ஜேம்ஸ் குடாக் குளிரில் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து மந்தமாகத்தான் எரியும், ஆகவே புறப்படும்போதே வேகம் கொஞ்சம் குறைவு. மூஸ் என்ற பெரிய மானுக்கென்று செய்த தடித்த சன்னத்தைக் கொண்டுபோனால் அந்தத் தூரத்தில் கரிபுவின் மெல்லிய விலாவுக்குள் அது விரியாமலே போகலாம்.

"நிறை நூற்று அறுபத்தைஞ்சு கிரெயின் உள்ளதா எடுங்கோ," என்றேன். "முன்னுக்குப் பிளாஸ்டிக் மூக்கு, பின்னுக்கு வள்ளம் மாதிரி ஒடுங்கினது. உள்ளுக்க இருக்கிற ஈயம் உறையோட ஒட்டினது. வேகம் குறைஞ்சாலும் விரியும், எலும்பில பட்டாலும் சிதறாது."

"ஓம், ஓம்," என்றார் சித்தப்பா. "பாருங்கோ அண்ணை, உங்கட பெட்டை என்ன கதை கதைக்குது. நாங்கள் ஊரில மாங்காய்க்குக் கல்லெறிஞ்ச ஆக்கள்."

அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. என் படிப்பைப் பற்றி அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா கடைக்கு வந்தார். போர்மனும் கூட வந்தார். உயரமான, கலகலப்பான மனிதர். ஒவ்வொரு வருஷமும் தொழிற்சாலையின் வேட்டைக்காரர் எல்லாரையும் எங்கள் கடைக்குக் கூட்டிவந்து, துவக்கில் பூட்டிக் குறிபார்க்கும் கண்ணாடியிலிருந்து காலுறைவரை வாங்கவைப்பவர். முதலாளி அவரைக் கண்டால் கோப்பி கொடுப்பார். நான் தெரிந்தெடுத்து வைத்திருந்த பெட்டியை மேசையில் வைத்தேன். போர்மன் அதைப் பார்க்கவே இல்லை. நேரே போய், இலக்குச் சுடுகிறவர்களுக்கான தட்டிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்துவந்தார். போட்டிச் சன்னம். மூக்கில் குண்டூசி முனை அளவு ஓட்டை.

"இதுதான் உலகத்திலேயே நேராகப் போவது," என்று சித்தப்பாவிடம் சொன்னார். "நான் சுடுதளத்தில் இதால் காசு அளவு வட்டத்துக்குள்ளே போடுகிறேன். தூரத்துக்கு வேறு ஒன்றும் வேண்டாம்."

நான் பிரெஞ்சில் சொன்னேன். அது காகிதத்துக்குச் செய்த சன்னம். காகிதத்தில் துளை விழுந்தால் அதன் வேலை முடிந்தது. அந்த ஓட்டை விரிவதற்கல்ல, செய்கிற முறையில் வருவது. மிருகத்தில் பட்டால் ஒன்றில் ஊசிபோலப் போய்விடும், அல்லது தோளெலும்பில் பட்டுப் பொடியாகும். எது நடக்கும் என்று செய்தவர்களே உறுதி சொல்வதில்லை. வேட்டைக்கு அல்ல என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன்.

போர்மன் கோபப்படவில்லை. "மட்மசெல், நீங்கள் எப்போதாவது எதையாவது சுட்டுக் கொன்றிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"நான் கொன்றிருக்கிறேன்," என்று சொல்லிவிட்டுச் சித்தப்பாவின் தோளில் தட்டினார்.

நான் தமிழில், "சித்தப்பா, வேண்டாம்," என்றேன். "காயப்படுத்தித்தான் விடுவியள்."

அவர் என்னைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "விடு பிள்ளை. தொழிற்சாலையில ஆக்களைக் குறைக்கப் போறாங்களாம். ஆரை வைச்சிருக்கிறது எண்டு இவன்தான் சொல்லுறது. இவன் தந்த சன்னத்தை வேண்டாம் எண்டு சொல்லேலுமோ?"

போட்டிச் சன்னத்தை நான்தான் பையில் போட்டுக் கொடுத்தேன். "மெர்சி," என்றார் போர்மன்.

வடக்கே நடந்ததைச் சித்தப்பாவே திரும்பி வந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். மற்றவர்கள் சுட்ட கரிபுகளில் அவருக்கும் பங்கு கொடுத்திருந்தார்கள். அம்மா அதைச் சரக்குத்தூள் போட்டு இறக்கியிருந்தாள். வீடு முழுக்க வாசம். சித்தப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

ஏரிக்கு மறுகரையில் கூட்டம் நின்றதாம். போர்மன் பக்கத்தில் படுத்துக்கொண்டு தூரம் சொல்ல, சித்தப்பா சுட்டிருக்கிறார். பட்டது. பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. கரிபு முன்னங்காலை மடக்கிப் பிறகு எழும்பி நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றதாம், என்ன நடந்தது என்று யோசிப்பதுபோல. பிறகு மற்றவைகளோடு மரங்களுக்குள் போய்விட்டது. பனியில் இரத்தம் பார்த்துப் பார்த்து இருட்டும்வரை நடந்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

"அவங்களுக்கு அது பெரிய வெக்கம் அண்ணை," என்றார். "காயப்படுத்திப்போட்டு விடுறதை மன்னிக்கமாட்டாங்கள். இரவு முகாமில ஒரு கிழவன் என்ர தோட்டாவை எடுத்துப் பாத்திட்டுக் கத்துறான், எந்த மடையன் உனக்கு இதைத் தந்தவன் எண்டு. எல்லாரும் என்னைப் பாக்கிறாங்கள். போர்மன் அடுப்புக்கு விறகு வைக்கிறான், வைக்கிறான், வைச்சு முடியுதில்லை."

அப்பா சிரித்தார். "பேந்து?"

"பேந்தென்ன, நான் சொன்னன், என்ர பெறாமகள்தான் தெரிஞ்செடுத்துத் தந்தவள், கடையில நிக்கிறாள், யூனிவசிற்றியில படிச்சவள் எண்டு. ஒரே சிரிப்பு. கிழவனும் சிரிச்சிட்டான். பிரச்சினை முடிஞ்சுது."

நான் கையை உதறினேன். "சித்தப்பா, நானோ அதைத் தந்தனான்?"

"இல்லைத்தான்."

"ரெண்டு பாஷையில வேண்டாம் எண்டு சொன்னனான்."

"ஓம் பிள்ளை, சொன்னனீதான். ஆனா போர்மன் அங்க இருக்கேக்க அவன்ர பேரைச் சொல்லுறதோ? நீ அங்க இல்லைத்தானே. உனக்கென்ன குறையப்போகுது?"

"அவங்கள் எல்லாரும் எங்கட கடைக்கு வாற ஆக்கள்."

"அவங்கள் அதை மறந்திருப்பாங்கள். சாப்பிடு."

நான் கடைக்கு வந்து சொல்லச் சொன்னேன். போர்மன் இல்லாத நேரம் வந்து, முதலாளியிடம் மட்டும், அவள் வேறு சன்னம் எடுத்துத் தந்தாள், நான்தான் கேட்கவில்லை என்று ஒரு வசனம். அவ்வளவுதான். சித்தப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "பேந்து பாப்பம்," என்றார்.

அம்மா அகப்பையை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "வாயை மூடு. உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது ஆர்? இந்தப் படிப்புப் படிச்சது ஆராலை? ஒரு சின்னப் பொய்யைத் தாங்கேலாதோ உனக்கு?"

நான் விளக்கிய ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அதே மேசையில்தான் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் இறைச்சியில் இருந்த எலும்பைப் பிரிப்பதில் கவனமாக இருந்தார்.

அவர்கள் மறக்கவில்லை. சில வாரங்களில் முதலாளி என்னைக் களஞ்சிய அறைக்குக் கூப்பிட்டார். கரிபுவுக்குப் போட்டிச் சன்னம் கொடுக்கும் பெண் இருக்கும் கடை என்று தொழிற்சாலை முழுக்கப் பகிடி ஆகிவிட்டதாம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "நீ அந்தத் தவறைச் செய்யமாட்டாய். அந்தப் பெட்டிகளை வேட்டைத் தட்டிலிருந்து எடுத்துத் தனியாக வைக்கவேண்டும் என்று சண்டை பிடித்தவளே நீதான்."

எனக்கு மூச்சு வந்தது. அது அடுத்த வசனம்வரைக்கும்தான்.

"ஆனால் அவர் எனக்கு ஒரு தொழிற்சாலையையே கூட்டிவருகிறார். அவரிடம் போய், நீ பிழைவிட்டாய் என்று சொல்ல என்னால் முடியாது. ஆட்கள் உன்னை நம்ப வேண்டும். இப்போது நம்பமாட்டார்கள். அது நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம்."

தோட்டாப் பகுதிக்கு வேறொருவனைப் போட்டார். கரிபு சுட்டவன், அட்டவணை வாசிக்கத் தெரியாதவன். என்னைச் சப்பாத்துப் பகுதிக்கு அனுப்பினார். நான் அன்றே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனால் அவர்கள் சொன்னது உண்மை என்று ஆகிவிடும் என்று நினைத்து நின்றேன். நின்றாலும் அப்படித்தான் ஆனது.

இலைதுளிர் காலத்தில் போர்மன் சப்பாத்து வாங்க வந்தார். அங்கே கால் அளவு எடுக்க முழங்காலில் இருக்க வேண்டும். அவருடைய குதிக்காலை அளவுகோலில் பொருத்தும்போது என்னை அடையாளம் கண்டார்.

"நீங்கள் அந்தப் பெறாமகள் அல்லவா!" குரலில் உண்மையான கனிவு. "மனதை விடாதீர்கள் மட்மசெல். எல்லாரும் பிழைவிட்டுத்தான் பழகுகிறோம். உங்கள் வயதில் நானும் அப்படித்தான்."

"முசியே, அந்தப் பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்தது நீங்கள்."

"நானா?"

நடிக்கிறார் என்றால் நான் அவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன், அது சுலபம். அவர் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே தேடினார். அங்கே அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சித்தப்பா முகாமில் சொன்ன கதை, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, அவருக்கே நடந்த கதையாகிவிட்டது. "இல்லை, இல்லை," என்று இரக்கத்தோடு தலையாட்டினார். "நீங்கள் குழம்பிவிட்டீர்கள்." நான் மற்றக் காலின் அளவை எடுத்தேன்.

அடுத்த குளிர்காலத்துக்கும் சித்தப்பாவுக்கு அனுமதி கிடைத்தது. தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள், அவர் மிஞ்சினார். திரும்பவும் குசினிக்கு இறங்கி வந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நீ சொன்னது என்ன? பிளாஸ்டிக் மூக்கு... எத்தினை கிரெயின்?"

"கடைக்கு வந்து முதலாளிட்டச் சொல்லுங்கோ. அங்கயே எடுத்துத் தாறன்."

"அது முடிஞ்ச கதையெல்லோ?"

"உங்களுக்கு."

அப்பா வாயைத் திறந்தார். "சொல்லிவிடன் பிள்ளை. அந்த மிருகம் பாவம்."

என் வாழ்க்கையில் அப்பாவிடம் நான் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். மிருகம் பாவம் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. போன வருஷம் அதே மேசையில் அது வரவில்லை. நான் எண்ணைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது சரியென்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வேட்டைக் காலம் முடியும்வரை, பனியில் நின்று யோசிக்கும் ஒரு கரிபு என் கண்ணுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது.

சித்தப்பா இறைச்சியோடு திரும்பினார். இந்த முறை அவர் சுட்டதே. நின்ற இடத்தில் விழுந்ததாம். சாப்பாட்டு மேசையில் இருக்கமுன்பே கதையைத் தொடங்கிவிட்டார். இந்த வருஷம் போர்மனுக்குத் தெரியாமல், ஆற்றுக்கு இந்தப்பக்கம் வேறொரு கடைக்குப் போனாராம்.

"அங்க ஒரு வெள்ளைப் பொடியன் அண்ணை. விஷயம் தெரிஞ்சவன். அவன் சொல்லுறான், தூரத்துக்குப் போறது பெரிசில்லை, போய் விரியிறதுதான் பெரிசு எண்டு. குளிருக்கு மருந்து மந்தமா எரியுமாம், அதுக்கும் பாக்கோணுமாம். நூற்று அறுபத்தைஞ்சு கிரெயின், பிளாஸ்டிக் மூக்கு, பின்னுக்கு ஒடுங்கினது. என்ன விளக்கம் பாருங்கோ!"

அப்பா என்னைப் பார்க்காமல், தயங்கித் தயங்கிச் சொன்னார். "இதைத்தானே தம்பி இவள் அண்டைக்குச் சொன்னவள்."

"சொன்னவள்தான்," என்றார் சித்தப்பா, ஒரு தயக்கமும் இல்லாமல். "ஆர் இல்லையெண்டது? ஆனா அவன் சுட்டுப் பாத்தவன் எல்லோ. அண்ணி, அந்த ஈரல் துண்டை இங்கால வையுங்கோ."

ஒரு வருஷமாக நான் அவரிடம் கேட்டது அந்த 'சொன்னவள்தான்' என்ற வசனத்தைத்தான். முதலாளிக்கும் போர்மனுக்கும் முன்னால், அந்தத் தோட்டா மேசைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. வந்தது ஈரலுக்கும் சோற்றுக்கும் நடுவில், ஏற்கெனவே தெரிந்த ஆட்களுக்கு முன்னால். அதைச் சொன்னதால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கணக்கு நேராகிவிட்டதுபோல. அம்மா ஈரலை வைத்தாள்.

நான் கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டேன். சப்பாத்துப் பகுதியில் அன்றைக்கு மலிவு விற்பனை. நேரத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள்.